கண்டுகொள்ள வேண்டாம்

"செருப்பா? உன் செருப்பையா?"

"ஆமா, என் செருப்புதான். கதவுக்கு நடுவுல வெச்சுட்டு உள்ள போ. இல்லேன்னா போகவே வேணாம்."

"அக்கா, அந்தப் பூட்டையே கழட்டிட்டாங்க. இப்ப அது வெறும் கதவு. குளியலறைக் கதவு மாதிரி."

"குளியலறையில யாரும் மாட்டிக்கிட்டதே இல்லையா? பிடிடி."

அக்கா இடது காலிலிருந்து செருப்பைக் கழற்றி என் கையில் திணித்தாள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த காவலாளி எட்டிப் பார்த்தார். "ஒண்ண மட்டும் குடுத்தா எப்படிம்மா? ஜோடியா குடுங்க" என்றார். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவள் ஒற்றைக் காலைத் தரையின் குளிர்ச்சியிலிருந்து தூக்கி, இன்னொரு பாதத்தின் மேல் வைத்துக்கொண்டாள்.

பிற்பகல் மூன்று மணி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெயில் தெருவை வெளுத்துக்கொண்டிருந்தது. கீழே போகும் படிக்கட்டில் மட்டும் வெளிச்சம் இல்லை.

"உன் அத்தானோட கோட்டு ஆணியில தொங்கும். நீலக் கப்பு மேசையில இருக்கும்" என்றாள். பிறகு காவலாளிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "அவரு மடியில கீபோர்டு இருந்துச்சுன்னு சொன்னாங்கல்ல?"

"ம்."

"சும்மா யாராவது கீபோர்ட மடியில வெச்சுக்கிட்டுத் தரையில உக்காருவாங்களா? என்னமோ அடிச்சிருக்காரு, குட்டி. எனக்கு இல்லேன்னாலும் பரவால்ல. என்னன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

"பாக்கறேன்க்கா."

ஆறு மாதமாக அவளுக்கு இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாகப் பார்க்கவில்லை.

படி இறங்கினேன்.

அக்காவின் கணவரான அத்தானும் நானும் ஒரே குழுவில் வேலை செய்தோம். எங்கள் குழு லினக்ஸ் இயங்குதளத்தோடு ஆயிரக்கணக்கான சிறு நிரல்களைச் சேர்த்து, அவை ஒன்றோடொன்று சண்டை போடாமல் பார்த்து, ஒரே தொகுப்பாக வெளியிடுகிறது. ஒவ்வொரு நிரலும் ஒரு பேக்கேஜ். யாராவது ஒரு பேக்கேஜில் ஒரு வரியை மாற்றினாலும் போதும், சோதனை இயந்திரம் அதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு காலிக் கணினியைத் தனக்குள்ளேயே தற்காலிகமாக உண்டாக்கும். பேக்கேஜை அதில் நிறுவி, ஓட்டிப் பார்த்து, முடிவை லாக் என்ற பதிவேட்டில் எழுதும். பிறகு அந்தத் தற்காலிகக் கணினியைத் தடயமில்லாமல் அழித்துவிடும். நாளொன்றுக்கு அப்படி நூற்றுக்கணக்கான அறைகள் உண்டாகி அழியும். நான் அவற்றை அறைகள் என்றுதான் நினைத்துக்கொள்வேன். கதவில்லாத அறைகள்.

புதிய கணினிகளில் இதெல்லாம் நொடியில் முடியும். பழைய முப்பத்திரண்டு பிட் செயலியில்தான் தொல்லை. மற்ற எல்லாவற்றிலும் தேறும் சோதனை இதில் மட்டும் தோற்கும். தோற்றால் மூன்று முறை முயலும். மூன்றும் தோற்றால் குழுவில் எல்லாருக்கும் மெயில் போகும். வெளியீடு நிற்கும். அந்த வாரம் யாருடைய முறையோ அவர் தூக்கத்தை விட்டு எழுந்து பார்க்க வேண்டும்.

அதற்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தோம். ஒரு பட்டியல். அதில் பேக்கேஜின் பெயரை எழுதி, பக்கத்தில் 'கண்டுகொள்ள வேண்டாம்' என்று போட்டுவிட்டால், அது ஆயிரம் முறை தோற்றாலும் மெயில் போகாது. திரையில் பச்சைதான் தெரியும். பட்டியலுக்கு அத்தான் ஒரு விதி வைத்திருந்தார். ஒரு வரியைச் சேர்த்தவர் மட்டுமே அதை நீக்க முடியும். "போட்டவங்களே பொறுக்கட்டும்" என்பார். சண்டை போட்டுத்தான் அந்த விதியைக் கொண்டுவந்தார்.

பழைய செயலி உள்ள நான்கு இயந்திரங்களும் இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில், அத்தானின் பொறுப்பில் இருந்தன. அந்த அறையின் மின்பூட்டை ஒரு பழைய பெட்டிக் கணினி இயக்கியது. அதில் ஓடிய நிரலை எழுதியவரும் அத்தான்தான். 'கதவுக்காரன்' என்று பெயர் வைத்து, தொகுப்பிலும் ஒரு பேக்கேஜாகச் சேர்த்திருந்தார். உலகத்தில் பதினோரு பேர் பயன்படுத்தினார்கள். அதன் சோதனை ரொம்ப எளிமையானது. 'கதவைத் திற' என்று கேட்கும். ஐந்து நொடிக்குள் பதில் வந்தால் தேறியது.

அந்தச் சோதனை பெரும்பாலும் தேறியது, எப்போதாவது தோற்றது. ஒரு வெளியீட்டுக்கு முந்தின நாள் மூன்று முறையும் தோற்றது. முறை என்னுடையது. 'பழைய இயந்திரத்தில் எப்போதும் இப்படித்தான்' என்று காரணம் எழுதிப் பட்டியலில் சேர்த்துவிட்டுத் தூங்கப் போனேன்.

அது எப்போதும் அப்படி இல்லை. பழைய செயலி நேரத்தை எண்ணும் எண் ஒன்று நாற்பத்தொன்பது நாளில் நிரம்பி, மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அந்தக் கணத்தில் கேட்டால் கதவுக்காரன் குழம்பிப்போய் இன்னொரு நாற்பத்தொன்பது நாள் காத்திருப்பான். சோதனை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, வெறும் தூசியைப் புகை என்று நினைத்து மூச்சை அடைக்கும் தீயணைப்பு வாயு அறையில் திறந்துகொண்டது. கதவைத் திறக்கும் அவசரப் பொத்தானும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போயிற்று; கதவு திறக்கவில்லை. அத்தான் உள்ளே பதினோரு நிமிடம் உயிரோடு இருந்திருக்கிறார். விசாரணையில் 'பூட்டுக் கோளாறு' என்று எழுதி முடித்தார்கள். எந்த வரி, யார் சேர்த்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்காவிடம்கூட.

இன்று காலை குழு வாக்கெடுத்து, பழைய செயலிக்கு ஆதரவை நிறுத்திவிட்டது. சோதனை வரிசையைக் காலி செய்துவிட்டார்கள். இயந்திரங்கள் அணைந்துவிட்டனவா என்று பார்த்து, அத்தானின் பொருட்களை எடுத்து வருவது மட்டும்தான் பாக்கி.

நடைபாதையில் ஒரே ஒரு குழல்விளக்கு எரிந்தது. கைப்பேசியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கதவில் பூட்டு இருந்த இடத்தில் கட்டைவிரல் அளவு ஓட்டை. தள்ளினேன், திறந்துகொண்டது. சொன்னபடி அக்காவின் செருப்பைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் செருகினேன்.

சூடான தூசி, உருகிய பிளாஸ்டிக், இவற்றுக்கு அடியில் நாணயத்தை நாக்கில் வைத்தது போன்ற ஒரு வாசனை. ஆறு மாதமாக அது போகவில்லை.

கோட்டு ஆணியில் தொங்கியது. நீலக் கோப்பையின் அடியில் தேநீர் காய்ந்து வளையமாக ஒட்டியிருந்தது. நான்கு இயந்திரங்களுக்கும் அத்தான் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார். பெரியவன், நடுவாந்திரம், சின்னவன், கடைக்குட்டி. முதல் மூன்றும் அணைந்து கிடந்தன.

கடைக்குட்டி ஓடிக்கொண்டிருந்தது.

வரிசையில் எதுவும் இல்லாதபோது ஓடுவதற்கு அதற்கு வேலையே கிடையாது. திரையைப் பார்த்தேன்.

'கதவுக்காரன். முதல் முயற்சி: தோல்வி.'

'இரண்டாம் முயற்சி: தோல்வி.'

'மூன்றாம் முயற்சி: தோல்வி. கண்டுகொள்ளப்படவில்லை.'

திரை வெறுமையானது. மறுபடி முதல் முயற்சி.

நிறுத்தினேன். நின்றது. கோட்டை எடுக்கத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் விசிறி வேகம் பிடித்தது. மறுபடி தொடங்கியிருந்தது.

"சரி, சரி. ப்ளக்கையே பிடுங்கிடறேன்" என்று இயந்திரத்திடம் சொன்னேன். குரல் எனக்கே பொருந்தாமல் ஒலித்தது.

அப்போதுதான் கதவு மூடியது.

அறையவில்லை. தூங்கும் குழந்தையின் அறையை வெளியிலிருந்து யாரோ சாத்துவது போல, மெதுவாக, ஓசை எழாமல் கவனமாக.

செருப்பைத் தேடினேன். அது உள்ளே, மேசைக்கு அருகே இருந்தது. நுனி கதவைப் பார்த்தபடி. யாரோ கழற்றிவிட்டு நின்றது போல ஒழுங்காக.

கைப்பிடியைத் திருப்பினேன். அது சுற்றிச் சுற்றி வந்தது, எதையும் பிடிக்கவில்லை. இழுத்தேன். தோளால் மோதினேன். கதவு சுவராகிவிட்டிருந்தது.

"யாராவது இருக்கீங்களா? காவலாளி அண்ணே!"

நான் படிக்கும் கதைகளில் பேய்கள் குளிர் நாடுகளிலிருந்து வரும். மூடுபனி, பெரிய மாளிகை, அணையும் மெழுகுவர்த்தி என்று அவற்றுக்கு ஒரு மரியாதை உண்டு. பிற்பகல் மூன்றரை மணிக்கு, குழல்விளக்கின் கீழ், ஒற்றைச் செருப்போடு ஒருத்தி மாட்டிக்கொள்ளும் கதையை நான் படித்ததில்லை. இப்படி நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். மூச்சு பாதியில் நின்றது.

அறையில் காற்று கனத்திருந்தது.

பூட்டின் ஓட்டை வழியாக நடைபாதை வெளிச்சம் மஞ்சள் காசு போல் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஒன்றுதான் வெளியே என்று ஒன்று இருப்பதற்குச் சாட்சி.

காசு அணைந்தது.

வெளியே யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நினைத்து ஓடப் போனவள், இரண்டடியில் நின்றுவிட்டேன். ஓட்டையின் விளிம்பு, கதவின் பலகை, கைப்பிடி எல்லாமே மங்கியிருந்தன. மறைப்பது வெளியே இல்லை.

எனக்கும் கதவுக்கும் நடுவில்.

தட். தட். தட்.

உள்ளிருந்து தட்டும் சத்தம். நான் தட்டவில்லை.

ஐந்து நொடி அமைதி. பிறகு மறுபடி மூன்று.

பின்புறமாகவே நகர்ந்து கடைக்குட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினேன். திரை இருண்டது, விசிறி ஓய்ந்தது. அந்த இரைச்சல் எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது தட்டும் சத்தத்தோடு இன்னொன்றும் கேட்டது. யாரோ சிரமப்பட்டு, இழுத்து இழுத்து மூச்சு விடுவது.

என் மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

அது நிற்கவில்லை.

ப்ளக்கைத் திரும்பச் செருகினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. விசிறி சுழன்றது. திரை வந்தது. சோதனை தானாகத் தொடங்கியது. முதல் முயற்சி, தட். இரண்டாம் முயற்சி, தட். மூன்றாம் முயற்சி, தட். கண்டுகொள்ளப்படவில்லை.

அத்தானின் கீபோர்டு தரையில், கதவுக்கு அருகே, கம்பி முழுக்க நீட்டப்பட்டுக் கிடந்தது. அதை எடுக்க அந்த இருட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டும். முழங்காலில் தவழ்ந்து போய், நிமிர்ந்து பார்க்காமல் எடுத்தேன். விசைகள் வெதுவெதுப்பாக இருந்தன.

அந்த வெள்ளிக்கிழமையின் லாகைத் திறந்தேன். ஆறு மாதமாக நான் திறக்காத லாக்.

கதவுக்காரன் பேக்கேஜின் சோதனை அன்று முப்பத்தேழு முறை ஓடியிருந்தது. தானாக இல்லை. கையால் ஓட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு தோல்விக்கும் கீழே, பிழைச்செய்தி வர வேண்டிய இடத்தில், ஒரு மனிதன் எழுதியிருந்தான்.

'கதவு திறக்கவில்லை. உள்ளே இருக்கிறேன்.'

புரிந்துவிட்டது. பாதுகாப்புக்காக அந்த அறையின் இயந்திரங்கள் எங்கள் மையக் கணினியோடு மட்டும்தான் பேசும். அவரால் யாருக்கும் மெயில் எழுத முடியாது. ஆனால் ஒரு சோதனை மூன்று முறை தோற்றால் குழுவில் எல்லாருக்கும் மெயில் போகும், முடிவின் கடைசி வரிகளோடு. எங்களைப் போன்ற ஆட்களுக்குத்தான் இப்படித் தோன்றும். அவர் ஒரு சோதனையை வேண்டுமென்றே தோற்கடித்து, அதன் வாயால் கத்தியிருக்கிறார்.

'வாயு வருகிறது. தீ இல்லை. யாராவது ஃபோன் செய்து காவலாளியைக் கீழே அனுப்புங்கள்.'

'குட்டி, இந்த வாரமும் உன் முறைதானே. நீ பார்த்துவிடுவாய். ஓடி வராதே, படியில் விழுந்துவைப்பாய்.'

'மெயில் வந்ததா?'

'மெயில் ஏன் போகவில்லை?'

அன்று என் திரை முழுக்கப் பச்சை. அதைப் படமெடுத்து 'எல்லாம் பச்சை, அத்தான்!' என்று அவர் கைப்பேசிக்கு அனுப்பினேன். பிறகு, பனியில் சிக்கிய ஒருவனைப் பற்றிய மொழிபெயர்ப்பு நாவலை எடுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தேன். அவனுக்காக அழவும் செய்தேன்.

முப்பத்தேழாவது முறை எழுத்துகள் இடம் மாறி, இடைவெளி தவறி வந்திருந்தன. இருந்தாலும் படிக்க முடிந்தது.

'பட்டியலைப் பார்த்தேன். நீ சேர்த்த வரி. நீதான் எடுக்க வேண்டும்.'

தட். தட். தட்.

இப்போது கதவில் இல்லை. மேசையில். என் வலது கைக்கு ஒரு சாண் தள்ளி.

"எடுத்துடறேன் அத்தான்" என்றேன். "எடுத்துடறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மூச்சு விட முடியல."

வலைக்கம்பி இன்னும் செருகித்தான் இருந்தது. மையக் கணினியில் என் கடவுச்சொல்லைப் போட்டேன். மூன்று முறை தப்பாகப் போட்டேன். பட்டியல் திறந்தது. என் வரி அங்கேயே இருந்தது. வரியைச் சேர்த்தவர் என்ற இடத்தில் என் பெயர். அழித்தேன். நீக்குவதற்குக் காரணம் கேட்டது. அதுவும் அவர் வைத்த விதிதான். கண்ணில் பூச்சி பறந்தது. 'இதை நான் சேர்த்திருக்கக் கூடாது' என்று எழுதி அனுப்பினேன்.

அறை அமைதியானது.

சோதனை ஓடியது. முதல் முயற்சி: தோல்வி. இரண்டாம் முயற்சி: தோல்வி. மூன்றாம் முயற்சி: தோல்வி.

'குழுவுக்கு மெயில் அனுப்பப்பட்டது.'

அந்த வரி திரையில் சிவப்பாக எரிந்தது. சிவப்பைப் பார்த்து நான் அவ்வளவு மகிழ்ந்ததே இல்லை. யாராவது பார்ப்பார்கள், ஃபோன் செய்வார்கள். தரையில், கதவுக்கு எதிரில் உட்கார்ந்தேன். கீபோர்டு என் மடியில் இருந்தது. அதை எப்போது மடியில் வைத்தேன் என்று தெரியவில்லை. பதினோரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எண்ணத் தொடங்கினேன்.

நான்காவது நிமிடத்தில், நடைபாதையில் சத்தம். ஒரு செருப்பு, ஒரு வெறுங்கால். தப், சளக். தப், சளக்.

கதவு ஒரு தள்ளலில் திறந்துகொண்டது, எப்போதும் திறந்தே இருந்தது போல.

"குட்டி! என்னடி தரையில?"

அக்கா என்னைக் கையைப் பிடித்துத் தூக்கினாள். நடைபாதையின் காற்றை வாயால் குடித்தேன். அவளோடு வெளியே வருமுன் ஒன்றை மட்டும் நினைவாகச் செய்தேன். கடைக்குட்டியின் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். கம்பியை இயந்திரத்தின் முதுகிலிருந்தும் உருவி, சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டேன். இனி அது ஓட முடியாது.

"நீ ஏன்க்கா வந்தே? வர மாட்டேன்னியே."

"மெயில் வந்துச்சு."

"உனக்கா?"

"அவரோட மெயில் எல்லாம் இப்ப என் ஃபோனுக்குத்தானே வருது. மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். அவருடைய கணக்கை மூட அவளுக்கு மனம் வரவில்லை. குழுவின் மெயில்கள் எல்லாம் அதில் வந்து விழும். புரியாவிட்டாலும் அவள் ஒவ்வொன்றையும் படிப்பாள்.

"கதவு திறக்கல, உள்ள இருக்கேன்னு வந்துச்சு. நீதான் அனுப்பறேன்னு நெனச்சு ஓடி வந்தேன்" என்றாள்.

நான் அப்படி எதையும் எழுதவில்லை.

அவள் கையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. மூன்று முறை. ஐந்து நொடி நின்றது. மறுபடி மூன்று முறை. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். பிறகு நான் என் கையைப் பார்த்தேன். சுருட்டிய கம்பி, அதன் முனையில் ப்ளக், இன்னும் சூடாக.

பின்னால், கதவு விரியத் திறந்திருந்த இருட்டறையில், விசிறி ஒன்று வேகம் பிடித்தது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. திரையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"நீ சேர்த்த வரி. நீதான் எடுக்க வேண்டும்." நிமிர்ந்தாள். "இது அவரு எழுத்துடி. அவரு பேசற மாதிரியே இருக்கு. இதுக்குக் கீழ உன் பேரு இருக்கு, தேதி இருக்கு. அவரு போறதுக்கு முந்தின வாரத் தேதி."

நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். படிக்கட்டுக்கு அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். நடைபாதை அவ்வளவு குறுகல்.

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. மூன்று முறை.

"எந்த வரி, குட்டி?" என்றாள் அக்கா. கோபமே இல்லாத குரலில், வெறுங்காலை மற்ற பாதத்தின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு. "எனக்கு உங்க வேலையெல்லாம் தெரியாது. எனக்குப் புரியற மாதிரி கொஞ்சம் சொல்லேன்."